கையை எப்போது எடுப்பது?

52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதும் குழந்தை நம் எல்லோர் வகுப்பிலும் உண்டு. 2-லிருந்து 7 போகாது. அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறது. இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய எண்ணிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் நாம் சொன்னதை அது நேர்மையாகப் பின்பற்றுகிறது. நாமோ 25-ஐ அடித்து, 15 என்று எழுதி, "பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லி அடுத்த நோட்டுக்குப் போகிறோம். விடை திருந்திவிடுகிறது, எண்ணம் திருந்துவதில்லை.

பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக்கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் அதே குழந்தையிடம் கொடுத்து, 37 குச்சி கேளுங்கள். மூன்று கட்டுகளைச் சட்டென்று நீட்டும். ஏழு உதிரிக்கு வரும்போது திகைத்து நிற்கும். அந்த இடத்தில் நம் கை பரபரக்கும். கட்டை நாமே பிரித்துக் காட்டினால் குழந்தைக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. "மீதி ஐந்துக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால், பெரும்பாலும் ரப்பர் பேண்டை அதுவே கழற்றும்.

பொறுத்திருப்பது எளிதல்ல. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டார். அதை மூன்று நொடிக்கு நீட்டிய வகுப்புகளில் பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள்.

தனியாக முடியாததைப் பெரியவர் துணையோடு செய்யும் குழந்தை, நாளை அதைத் தனியே செய்யும் என்றார் உளவியலாளர் வைகாட்ஸ்கி. அந்தத் துணையை எந்த அளவில் தருவது என்பதை டேவிட் வுட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் மரக்கட்டைப் பிரமிடு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். 1978-இல் வெளியான ஆய்வில் நான்கு விதமாகக் கற்பித்துப் பார்த்தார்கள். முழுதும் செய்து காட்டியதும், வாயால் மட்டும் விளக்கியதும் அவ்வளவாகப் பலன் தரவில்லை. குழந்தை தடுமாறினால் உதவியைக் கூட்டுவது, செய்துவிட்டால் உடனே குறைப்பது என்ற முறையில் கற்றவர்களே பிறகு தனியாக நன்றாகச் செய்தார்கள்.

2022 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாம் நடத்திவரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரிக்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் கூட்டலில் மலராக இருக்கும் குழந்தை கழித்தலில் அரும்பாக நிற்கும். ஒரே பாடவேளையில் கணக்குக்குக் கணக்கு அதன் தேவை மாறும். எந்தப் பதிவேட்டிலும் இது ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆசிரியருக்குத்தான் தெரியும்.

முப்பது பிள்ளைகளுக்கும் தினமும் இப்படி முடியுமா? முடியாது. ஈராசிரியர் பள்ளியில் இன்னும் கடினம். நாளுக்கு இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காரலாம்; மற்றவர்கள் இணையாகச் செய்யட்டும். குச்சியை வைத்துச் செய்துவிட்ட குழந்தைக்கு மறுநாள் குச்சி இல்லாமல் 64-லிருந்து 28-ஐக் கழிக்கக் கொடுங்கள். 44 என்று எழுதினால் ஒரே ஒரு குச்சிக்கட்டை மட்டும் மேசைமேல் வையுங்கள், ஒன்றும் சொல்லாமல்.