இலவசம் மட்டும் போதுமா?

கண்புரை ஆபரேஷன் இலவசம் என்றாலும் கிராமத்தில் பல வயதானவர்கள் போவதில்லை. ஏன்? பஸ் செலவு, கூட வர ஆளில்லை, ஒரு நாள் கூலி போய்விடும், கத்தி என்றாலே பயம். இதைப் புரிந்துகொண்டதுதான் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பெரிய சாதனை என்பேன்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் இதைத் தொடங்கினார். பிறகு தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று பரவியது. முகாமில் கண்புரை உள்ளவர்களைக் கண்டறிந்து, பஸ்ஸில் அழைத்துப்போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். பணம் கட்டி வைத்தியம் பார்ப்பவர்கள் தரும் வருமானம் இதற்குக் கைகொடுக்கிறது. 1992-ல் தொடங்கிய ஆரோலேப் இங்கேயே லென்ஸ் தயாரித்து, அதன் விலையைப் பல மடங்கு குறைத்தது.

"கண்புரை ஒருமுறை வேலை, மற்ற நோய்களுக்கு இது சரிவருமா?" என்று கேட்கலாம். நியாயம்தான். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போக வேண்டும். ஆனால் அப்படிப்பட்டவருக்குத்தானே பஸ் செலவு இன்னும் பெரிய பாரம்? வாசலில் 'இலவசம்' என்று பலகை வைத்தால் மட்டும் போதாது. நோயாளி அந்த வாசல் வரை வந்து சேரவும் வழி செய்ய வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?