பொன்னாடை வேறு, பங்கு வேறு



'அனைவரையும் உள்ளடக்குதல்' என்று இப்போது எல்லா மேடைகளிலும் பேசுகிறார்கள். சங்க விழாக்களில் கோயில் தர்மகர்த்தா, பங்குத்தந்தை, ஜமாஅத் தலைவர் மூவரையும் ஒரே வரிசையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துகிறோம். நல்ல வழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மரியாதை செய்வது வேறு, பங்கு கொடுப்பது வேறு என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரியாததல்ல.

நம் தூத்துக்குடி இதை 1906-லேயே செய்து காட்டிய ஊர். அந்த ஆண்டு அக்டோபரில் வ.உ.சி.யின் முயற்சியால் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 40,000 பங்குகளாக்கி, ஒரு பங்கு 25 ரூபாய் என்று வைத்தார்கள். பணக்காரர்கள் மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் பங்கு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்திருக்கலாமே! தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். வ.உ.சி.யோ உதவிச் செயலாளர்தான். சேட் அவர்களை அழகுக்காக உட்கார வைக்கவில்லை; 2 லட்ச ரூபாய் போட்டு 8,000 பங்குகள் எடுத்தவர் அவர். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மோதியதும், 1908-ல் வ.உ.சி. சிறை சென்றதும், கம்பெனி கலைந்ததும் நீங்கள் அறிந்த கதை.

இனி நம் சங்கதிக்கு வருவோம். எத்தனையோ பலசரக்குக் கடைகளில் காலையில் கடை திறப்பதும், கடன் சிட்டை பார்ப்பதும், மொத்தக் கடைக்குப் போன் போட்டுச் சரக்குச் சொல்வதும் வீட்டுப் பெண்களே. என் பேரேட்டில் பற்று கணவர் பெயரில் இருக்கிறது. பணம் கொண்டுவந்து கட்டுகிறவர் மனைவி. சங்க உறுப்பினர் பட்டியலிலும் கணவர் பெயர்தான். அவர் காலமாகிவிட்டால், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் பெயருக்கு மாற்றுகிறோம். கல்லாவில் இருக்கும் தாய்க்கு ஓட்டு இல்லை. இது என்ன கணக்கு?

தள்ளுவண்டிக்காரர், பெட்டிக்கடைக்காரர் நிலையும் இதுதான். முழுச் சந்தாவையும் ஒரே தடவையில் கட்டச் சொன்னால் அவர் எப்படிச் சேருவார்? மாதத் தவணை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வரவேண்டும். கடையை நடத்துகிறவர் யாரோ அவர் பெயரில் உறுப்பினர் அட்டை. சிறு கடைகளுக்குத் தவணைச் சந்தா. "பெண்கள் கூட்டத்துக்கு எங்கே வரப்போகிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். இரவு ஒன்பதரை மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? மதியம் மூன்று மணிக்கு வைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் நாமும் கடையில் ஈதான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.