காற்றுக் கணக்கு

ஏ.ஸி. போட்ட ரூமுக்குள் வெளியிலிருந்து நல்ல காற்று வருகிறது என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த நம்பிக்கையை முதலில் உடைத்துவிடுகிறேன். சுவரில் உயரத்தில் தொங்குகிறதே ஸ்ப்ளிட் ஏ.ஸி... அதற்கும், வெளியே உட்கார்ந்து உறுமுகிற பெட்டிக்கும் நடுவே ஓடுவது ரெண்டு குழாயும் கொஞ்சம் ஒயரும்தான். குழாய்க்குள் போவது குளிரூட்டும் வாயு. நாம் சுவாசிக்கிற காற்று அதில் துளிகூடப் போவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிர வைத்து, அதே அறைக்குள் திரும்ப விடுகிறது. ராத்திரி பூரா நீங்கள் விட்ட மூச்சையே (ரூம்மேட் விட்டதையும் சேர்த்து) ஜில்லென்று திருப்பி வாங்கிக் கொள்கிறீர்கள்!

பழைய ஜன்னல் ஏ.ஸி. சிலவற்றிலாவது 'வென்ட்' என்று ஒரு குட்டிக் கைப்பிடி உண்டு. இழுத்தால் உள்ளே இருக்கிற காற்று கொஞ்சம் வெளியே போகும். அதை இழுத்துப் பார்த்த ஒரு ஆசாமியையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரி வராது, வரவு செலவு வரும். எனவே கணக்காகவே பார்த்துவிடுவோம். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம். இருப்பு, சுமார் 28,000 லிட்டர் காற்று. தூங்குகிற மனிதர் மணிக்கு 12, 13 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். ரெண்டு பேருக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால், மணிக்கு மணி பத்து லட்சத்தில் 900 பங்கு ஏறுகிறது. வெளிக் காற்றில் இருப்பது 420 சொச்சம். ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால் ரெண்டு மணிக்கு 4,000! கதவிடுக்கு, ஜன்னல் சந்து புண்ணியத்தில் நிஜத்தில் அவ்வளவு போகாது. ஆனால் ஆயிரத்தைத் தாண்ட ரொம்ப நேரம் ஆகாது.

அதென்ன ஆயிரம்? ம்யூனிக் நகரத்தில் மாக்ஸ் ஃபான் பெட்டென்கோஃபர் என்று ஒரு விஞ்ஞானி, 1858-ல் சொன்ன எல்லை அது. அவர் சொன்னதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த அளவில் கரியமில வாயு குற்றவாளி இல்லை, சாட்சி. அது ஏறியிருந்தால் வியர்வை நாற்றம், தும்மல், இருமல், அதில் மிதக்கிற கிருமி எல்லாமே கூட ஏறியிருக்கிறது என்று அர்த்தம். டென்மார்க்கில் ஹாஸ்டல் மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். ராத்திரி அறைக்குள் புதுக் காற்று வந்தபோது பையன்கள் நன்றாகத் தூங்கி, மறுநாள் மூளையைக் கசக்குகிற டெஸ்டிலும் கூடுதலாக மார்க் வாங்கினார்கள். காலையில் தலை பாறாங்கல்லாகக் கனக்கிறது என்று ஆபீஸில் முதல் காபிக்கு முன்னால் யாரிடமும் பேசாதவர்கள், மானேஜரைத் திட்டுவதற்கு முன் பெட்ரூம் ஜன்னலைப் பார்க்கலாம்.

'வென்டிலேட்டர்' என்றால் இப்போது ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது. நம் ஊர் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி இருக்குமே சின்னத் திறப்பு, அதற்கும் அதே பெயர். சூடான காற்று மேலேறி அதன் வழியே போகும். கீழே ஜன்னல் வழியே புதுசு வரும். கரண்ட் பில் கிடையாது. சிலப்பதிகாரத்தில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று பேர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஏ.ஸி. மாட்ட வருகிற மெக்கானிக் முதல் வேலையாக, "ஸார், மேல இருக்கிற ஓட்டையை அடைச்சுடுங்க, கூலிங் நிக்காது" என்கிறார். அவர் சொல்வது தப்பே இல்லை. காற்றை விட்டால் குளிர் போகும், குளிரைப் பிடித்தால் காற்று நிற்கும்.

இந்த வம்பைத் தீர்க்கத்தான் குளிர் தேசங்களில் ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள். வெளியே போகிற காற்றும் உள்ளே வருகிற காற்றும் மெல்லிய தகடுகளின் இந்தப் பக்கம் அந்தப் பக்கமாகப் போகும். ஒன்றோடொன்று கலக்காது, சூட்டை மட்டும் கைமாற்றிக்கொள்ளும். அங்கே போகிற காற்று வருகிற காற்றைச் சூடாக்குகிறது. சென்னையில் மாட்டினால் போகிற குளிர் வருகிற வெக்கையைத் தணிக்கும். உள்ளே வருகிற பாதையில் ஃபில்டர் வைத்தால் ரோட்டுத் தூசியும் நிற்கும். ஜப்பானில் 2003-லிருந்து புது வீடு கட்டினால் ரெண்டு மணிக்கு ஒருமுறை வீட்டுக் காற்று முழுதும் மாறுகிற அளவுக்கு ஃபேன் வசதி வைத்தாக வேண்டும், சட்டம்.

அட்வான்ஸுக்கே கடன் வாங்கின நமக்கு அந்த மெஷின் எதற்கு? அட்டாச்டு பாத்ரூமில் ஒரு குட்டி எக்ஸாஸ்ட் ஃபேன். பாத்ரூம் கதவு லேசாகத் திறந்திருக்கட்டும், எதிர்ப் பக்க ஜன்னல் ரெண்டு விரல் அளவு. வருவதற்கு வழி வைக்காமல் எக்ஸாஸ்ட் போட்டால் ஃபேன் சும்மா சத்தம்தான் போடும். ஏ.ஸி. கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், உழைக்கட்டும்.

ஜன்னலைத் திறந்தால் கொசு, அதனால் மூடிவிட்டுக் கொசுவத்தி ஏற்றுகிற கேஸ்தான் படுமோசம். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75-லிருந்து 137 சிகரெட் வரைக்கும் ஊதின நுண்துகள் சேர்கிறது என்று 2003-ல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. 'எனக்கு சிகரெட் பழக்கமே கிடையாது' என்று பெண் பார்க்கிற இடத்தில் மார் தட்டுகிறவர்கள் கவனிக்கவும். வலை அடியுங்கள், அல்லது வலைக்குள் படுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தலைவலி சமாச்சாரம். உயிர் சமாச்சாரம் ஒன்று உண்டு. பாத்ரூமுக்குள்ளேயே மாட்டுகிற சிலிண்டர் கேஸ் கீஸர். மூடின அறையில் கேஸ் அரைகுறையாக எரிந்தால் வருவது கார்பன் மோனாக்ஸைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்காருகிற ஸீட்டில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். லேசாக மயக்கம் வருகிற மாதிரி இருக்கும்போதே கால் துவண்டு, தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் போய்விடும். குளிர்காலத்துப் பேப்பரில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி இது. எக்ஸாஸ்ட் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கக் கூடாது. கீஸரைச் சுவருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்ட வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

இதை எங்கள் ஹவுஸ் ஓனரிடம் விளக்கமாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நியாயம்தான் தம்பி. ஆனா சுவத்துல ஓட்டை போட்டா அட்வான்ஸுல பிடிச்சுப்பேன்" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். ஓட்டைக்கு ஐந்நூறு. கொடுத்துவிட்டேன்.