சாலியேரி கொலைகாரர் அல்லர்

மிலோஷ் ஃபோர்மன் இயக்கி 1984இல் வெளிவந்த ‘அமதேயுஸ்’ மோட்சார்ட்டின் வாழ்க்கைக் கதை என்ற பெயரில் உலகம் சுற்றிய படம். சிறந்த படம் உட்பட எட்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. வியன்னா அரசவை இசைஞர் அந்தோனியோ சாலியேரி பொறாமையால் மோட்சார்ட்டை அணுஅணுவாகச் சாகடித்தார் என்ற நம்பிக்கை இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு இந்தப் படமே பெரிய காரணம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது.

கதை படத்தில் பிறக்கவில்லை. மோட்சார்ட் 1791 டிசம்பர் 5 அன்று 35 வயதில் இறந்தார். கடும் காய்ச்சல் என்று இறப்புப் பதிவு சொல்கிறது. உடல் வீங்கியிருந்ததால் நஞ்சு என்ற பேச்சு அந்த மாதமே கிளம்பியது. அப்போது யார் பெயரும் அடிபடவில்லை. 1823இல் முதுமையில் மனம் தடுமாறி மருத்துவமனையில் கிடந்த சாலியேரி குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வதந்தி எழுந்தது. தம்மைப் பார்க்க வந்த இசைஞர் மோஷலெஸிடம் அவரே அதை மறுத்தார். அவருக்குப் பணிவிடை செய்தவர்களும் அப்படி எதையும் கேட்டதில்லை என்றே எழுதிக் கொடுத்தனர். ஆனால் 1830இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் வதந்தியைக் குறுநாடகமாக்கினார். இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதை இசைநாடகமாக்கினார். 1979இல் பீட்டர் ஷாஃபர் மேடைக்கு எழுதியதே பின்னர் திரைக்கு வந்தது. ஒரு புனைவுக்கு இன்னொரு புனைவே சாட்சி.

படத்தின் உச்சக்கட்டம் ‘ரெக்வியம்’ என்னும் இறந்தோர் வழிபாட்டு இசை. முகமூடியணிந்து வந்து அதை எழுதச் சொல்பவரும், மரணப் படுக்கையில் மோட்சார்ட் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்பவரும் சாலியேரியே என்கிறது படம். உண்மையில் ஆளனுப்பி அதை எழுதச் சொன்னவர் வால்செக் பிரபு. இளவயதில் இறந்த மனைவியின் நினைவுக்காகக் கேட்டார். தம் படைப்பாகவே காட்டிக்கொள்ளும் ஆசையும் அவருக்கு இருந்தது. முற்றுப்பெறாமல் நின்ற பகுதிகளை நிறைவு செய்தவர் மோட்சார்ட்டின் மாணவர் சூஸ்மையர். சாலியேரிக்கு இதில் வேலையே இல்லை.

இருவருக்கும் இடையே உரசல் இருந்தது மெய்தான். இத்தாலியர்கள் தமக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதாக மோட்சார்ட் குடும்பத்துக் கடிதங்கள் புலம்புகின்றன. அரசவைப் பதவிக்குப் போட்டியிடும் இசைஞர்களிடையே இதில் என்ன வியப்பு? ஆனால் இணக்கமும் இருந்தது. 1785இல் பாடகி நான்சி ஸ்டோராசே நலம்பெற்றதைக் கொண்டாடி இருவரும் சேர்ந்து இசையமைத்த பாடல் பிராக் நகர அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டு 2016இல் வாசிக்கப்பட்டது. ‘மாயப் புல்லாங்குழல்’ இசைநாடகத்துக்குச் சாலியேரியை அழைத்துப் போனதையும், அவர் ஒவ்வொரு பகுதியையும் மனமாரப் பாராட்டியதையும் 1791 அக்டோபரில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மோட்சார்ட் மகிழ்ச்சியோடு சொல்கிறார்.

பிரம்மச்சரியம் காக்கும், திறமை குறைந்த மனிதராகச் சாலியேரியைக் காட்டுவதும் புனைவே. அவர் எட்டுப் பிள்ளைகளின் தந்தை. 1788 முதல் 1824 வரை அரசவை இசைத் தலைவர். பேத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

மோட்சார்ட்டுக்கும் படம் நியாயம் செய்யவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்துப்படிகளைப் பார்த்துச் சாலியேரி திகைக்கும் காட்சி, மோட்சார்ட்டின் இசையை இறைவன் சொல்ல எழுதியதாக்கிவிடுகிறது. ஆனால் இசையமைப்பாளர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு நால்வர் இசைப் படைப்புகளை நெடிய, கடினமான உழைப்பின் விளைவு என்று மோட்சார்ட்டே குறிப்பிட்டார். அவற்றின் கையெழுத்துப்படிகளில் திருத்தங்கள் நிறைய. அவருடைய பூர்வாங்கக் குறிப்புகளும் எஞ்சியுள்ளன. சிரித்துத் திரியும் விடலைப் பையனை நம்ப வைப்பதற்காக, உழைத்த கலைஞனை மறைத்துவிட்டது படம்.

இது நாடகம்தானே, வரலாறு அல்லவே என்று வாதிடுவோர் உண்டு. கற்பனைப் பாத்திரத்துக்கு அந்த வாதம் பொருந்தும். பெயரும் ஊரும் ஆண்டும் உண்மையாக இருக்க, கொலைப்பழி மட்டும் கற்பனை என்றால் பழி சுமப்பவர் உண்மை மனிதரே. மோட்சார்ட்டின் மறைவுக்குப் பின் அவருடைய இளைய மகன் இசை கற்றது சாலியேரியிடம். கணவரைக் கொன்றவர் என்று நம்பியிருந்தால் எந்தத் தாயும் மகனை அங்கே அனுப்பியிருக்கமாட்டாள்.