தை மாதத்துக் கிராம சபையும் காட்டுத் தீயும்

மலையடிவாரத்துக் கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தழைத்த புல் தை பிறந்ததும் பழுக்கத் தொடங்கி, மாசியில் சருகாகக் காய்ந்து நிற்கிறது. மாசி முதல் சித்திரை வரையில் அப்புல்லுக்கு ஒரு பொறியே போதுமானது. காட்டுத் தீயைப் பற்றி எழுதுவது வன இலாகாவுக்கு உரிய வேலையேயன்றி விவசாயப் பத்திரிகைக்கு உரியதன்று எனச் சிலர் கருதலாம். அக்கருத்துத் தவறானது என்பதையும், இவ்விஷயத்தில் முதற் கடமை நிலமுடையோருக்கும் கிராம சபைக்குமே உரியது என்பதையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2018 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆம் தேதி, தேனி ஜில்லா போடிநாயக்கனூர் தாலுகாவைச் சேர்ந்த குரங்கணி மலையில் நேர்ந்த விபத்தை அனைவரும் அறிவர். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த வெளியூரார் காய்ந்த புல் மண்டிய சரிவில் தீயிடையே சிக்கி, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பிற்பாடு ஆகாய விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆயினும், அன்று மாலையிலேயே மலையேறிக் காயமுற்றோரைத் தூக்கி வந்தவர்களுள் அவ்வட்டாரத்துக் கிராமவாசிகள் பலர் இருந்தனர். அவ்வாண்டிலேயே மலையேற்றத்துக்குச் சர்க்கார் தனி விதிகள் வகுத்தது. வெளியூரார் வரவு இவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது நன்றே. ஆனால் மலையடியிலேயே வாழ்ந்து, அங்கேயே பயிரிட்டு, அங்கேயே மாடு மேய்க்கும் நாம் நமக்கென்று என்ன ஒழுங்கு செய்துகொண்டோம்? இக்கேள்விக்குத் திருப்தியான விடை கூறக்கூடிய கிராமங்கள் மிகச் சிலவே.

நமது மலைகளில் தீ பெரும்பாலும் தானாக உண்டாவதில்லை. மனிதர் கையாலேயே உண்டாகிறது. இளம்புல் வேண்டி மேய்ச்சற்காரர் வைப்பதும், தேன் எடுப்போர் விட்டு வருவதும், வழிப்போக்கர் பீடித் துண்டை வீசுவதும் காரணங்கள் என எல்லோரும் சொல்வர். நாம் சொல்லத் தயங்கும் காரணம் ஒன்றுண்டு. வரப்போரத்துப் புல்லையும் தோப்புச் சருகையும் வேலிமுள்ளையும் கூட்டிக் கொளுத்தும் பழக்கமே அது. இப்பழக்கம் மேய்ச்சற்காரருடையதன்று, பட்டா நிலம் உடைய நம்முடையது.

இதில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு நாட்காலை, மலையை ஒட்டிய மாந்தோப்பு ஒன்றில் நின்று, பூங்கொத்துக்களைத் தாக்கும் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளிக்கும் முறையைப் பத்துப் பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தோப்பின் மேல் வரப்பில் சருகு ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. அதைக் கண்டும் நான் ஒன்றும் கூறவில்லை. பூச்சியைப் பற்றிப் பேச வந்தவனுக்குச் சருகைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணினேன். அன்று உச்சிவேளையில் அச்சருகுக்குத் தீ வைத்தனர். காற்று திரும்பிற்று. அடுத்த தோப்பில் இரண்டு ஆண்டு வளர்ந்த ஒட்டுக்கன்றுகள் யாவும் கருகின. தீ எல்லைக் கல்லைக் கடந்து மலையேறி, மூன்றாம் நாள் வரையில் எரிந்தது. யாரிடம் சொல்வது, யார் மேலே போவது, மண்வெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே அவ்வூரார் முதல் இரண்டு மணி நேரத்தைக் கழித்தனர். மே மாதம் முதல் தேதி கூடிய கிராம சபையில் இதைப் பற்றி நெடுநேரம் பேசப்பட்டது. அப்பொழுது எரிவதற்கு மலையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தீயினால் வரும் நஷ்டம் மலையோடு நிற்பதில்லை. புல்லும் சருகும் எரியும்போது அவற்றிலுள்ள தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடுகிறது. மணிச்சத்தும் சாம்பற்சத்தும் சாம்பலில் தங்கினாலும், மூடுபுல் இழந்த சரிவிலே முதற் கோடைமழை அச்சாம்பலையும் மேல்மண்ணையும் சேர்த்தே ஓடைக்குக் கொண்டு செல்கிறது. அம்மண் கண்மாயில் படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது. மண்ணுக்குள் இறங்கி ஊற்றாகக் கசிய வேண்டிய நீர் ஒரே நாளில் வெள்ளமாக ஓடிவிடுகிறது. குரங்கணி மலைப்பக்கம் பெய்யும் மழையே கொட்டகுடி ஆற்றின் நீர். மேலே புல் எரிந்தால் கீழே கிணறு வற்றும் என்பதை அவ்வாற்றுப் பாசனத்தார்க்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அன்றியும், போடி வட்டாரத்து இலவந்தோப்புகளில் காய் வெடித்துப் பஞ்சு பறப்பதும் இதே பங்குனி, சித்திரையில்தான். எரிந்த பூமியில் முதலில் தலையெடுப்பதோ பெரும்பாலும் நல்ல புல்லன்று, உண்ணிச்செடியே. அது காய்ந்து அடுத்த தீக்கு விறகாகிறது. இளம்புல் வேண்டித் தீயிடுவோர் சில ஆண்டுகளில் மேய்ச்சல் நிலத்தையே இழப்பது இவ்விதமே.

"வன இலாகா இருக்கிறதே" என்பார்க்கு ஒரு வார்த்தை. அவ்விலாகா ஆண்டுதோறும் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகிறது. கோடைக்குக் காவலர்களை அமர்த்துகிறது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வாயிலாகத் தீ தோன்றும் இடங்களைக் கண்டு அறிவித்து வருகிறது. பொதுஜனங்களும் பெயர் பதிவு செய்துகொண்டால் இவ்வறிவிப்பைக் கைப்பேசியிலேயே பெறலாம். எனினும் ஒரு செயற்கைக்கோள் ஓரிடத்தின்மேல் நாளொன்றுக்கு ஓரிரு முறையே கடந்து செல்லும். அது கடந்த பின் உண்டான தீயை அடுத்த முறை வரும் வரையில் காணாது. வரப்பிலே புகை எழும் அந்தக் கணத்தில் அதைக் காணக்கூடிய கண்கள் கிராமத்தாருடைய கண்களே.

இனிப் பஞ்சாயத்தைப் பற்றிக் கூறுவேன். கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடி வந்தது; 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு நாட்களும் சேர்க்கப்பட்டன. இவற்றுள் மார்ச்சில் கூடும்போது தீ ஏற்கெனவே மலையில் இருக்கும். மே மாதத்தில் கூடும்போது சாம்பலே இருக்கும். ஆகவே காட்டுத் தீயைப் பற்றிய தீர்மானத்துக்கு உரிய நாள் ஜனவரி 26 ஒன்றே. தை நடுவில் வரும் அந்நாளில் புல் இன்னும் முழுதும் காயவில்லை. நிலத்தில் உழுவதற்குச் சற்று ஈரமும் உண்டு. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நீருக்கு மட்டும் சொன்ன வார்த்தையன்று.

தேனி முதலிய ஜில்லாக்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துப் பிரதிநிதிகளின் பதவிக் காலம் 2025 ஜனவரி 5 ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அதிகாரிகளிடம் சென்றதையும் இங்கு நினைவூட்டுகிறேன். பல கிராமங்களைக் கவனிக்க வேண்டிய அதிகாரிக்கு எந்தச் சரிவின் கீழ் எந்தக் குடிசை, அதில் நடக்கமாட்டாத கிழவி யார் என்பது தெரிய நியாயமில்லை. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை என்பது ஊராரே. காட்டுரிமை பெற்ற ஊர்களில் காட்டைக் காக்கும் அதிகாரத்தை 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் கிராம சபைக்கு அளித்திருக்கிறது. ஆகவே காத்திருக்க முகாந்தரம் இல்லை.

அத்தீர்மானத்தில் அடங்க வேண்டியவை எனது அபிப்பிராயத்தில் இவை:

1. மாசி முதல் நல்ல கோடைமழை பெய்யும் வரையில், காட்டை ஒட்டிய பட்டா நிலங்களில் சருகோ வரப்புப் புல்லோ கொளுத்தக் கூடாது. சருகைக் குழியில் இட்டு மக்கவைத்தால் எரு ஆகும். மரத்தடியில் மூடாக்காகப் பரப்புவோர் தோப்பின் உட்புறத்தில் மட்டும் பரப்ப வேண்டும். எல்லையோரம் வெறுந்தரையாக இருத்தல் அவசியம்.

2. காட்டை நோக்கிய எல்லையில் ஒவ்வொரு நிலமுடையவரும் தை முடிவதற்குள் பத்தடிக்குக் குறையாத அகலத்தில் உழுது, புல்லின்றி வைக்க வேண்டும். புல் உயரமாக உள்ள இடத்தில் இன்னும் அகலம் வேண்டும். புறம்போக்கிலும் பாதையோரத்திலும் இவ்வேலை பஞ்சாயத்தைச் சேர்ந்தது.

3. மலையடியில் உள்ள வீடுகள், மாட்டுக் கொட்டில்கள், முதியோர், நோயாளிகள், மேய்ச்சலுக்குச் செல்வோர், ஏறும் பாதைகள், நீர் கிடைக்கும் இடங்கள் ஆகியவற்றின் ஜாபிதா ஒன்று எழுதி, அதன் பிரதியைக் கிராம நிர்வாக அலுவலரும் வனக் காவலரும் வைத்திருக்க வேண்டும்.

4. தீயைக் கண்டவர் முதலில் யாருக்குச் சொல்வது என்பது ஊரில் சிறுவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும். வனக் காவலரின் கைப்பேசி எண்ணும், தீயணைப்பு நிலையத்துக்குரிய 101 என்ற எண்ணும் சாவடிச் சுவரில் எழுதப்பட வேண்டும். தண்டோராவை நிறுத்தச் சர்க்கார் 2022 இல் உத்தரவிட்டுவிட்டபடியால், அறிவிப்புக்குப் பஞ்சாயத்தின் ஒலிபெருக்கி பழுதின்றி இருத்தல் வேண்டும்.

5. மண்வெட்டி, அரிவாள், வாளி, குடிநீர்க் குடங்கள், நன்கு கழுவிய கைத்தெளிப்பான்கள் ஆகியவை ஓரிடத்தில் இருக்க வேண்டும். சாவி இருவரிடம் இருக்க வேண்டும்.

தீயணைக்கச் செல்வோர் விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை தேவை. தீ சரிவில் மேல் நோக்கியே விரைந்து ஓடும். சரிவு 10 பாகை கூடுந்தோறும் அதன் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே தீக்கு மேலே சரிவில் நின்று அதை எதிர்த்தல் ஆகாது. தனியே போகலாகாது, நைலான் துணி உடுத்தலாகாது, சிறுவரை அனுப்பலாகாது. சூழ்ந்துகொண்டால், ஏற்கெனவே எரிந்து ஆறிய தரையே பெரும்பாலும் பத்திரமான இடம். வன இலாகாவினர் வந்தபின் அவர் சொற்படி நடக்க வேண்டும். சொத்துக்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது என்பதையும் தீர்மானத்தில் எழுதிவைப்பது உசிதம்.

இவற்றுக்கெல்லாம் கூலியும் நேரமும் செலவாகாதா என்று கேட்கலாம். செலவாகும். ஆனால் எல்லையில் ஓட்டும் இரண்டு சால் உழவுக்கு ஆகும் கூலியையும், காய்க்கும் மாமரம் ஒன்றை மறுபடி வளர்த்தெடுக்க ஆகும் ஆண்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் அதைச் செலவென்று சொல்லமாட்டார். மேய்ச்சற்காரரை மட்டும் குற்றம் கூறி ஒதுக்கிவைப்பதும் தகாது. காப்புக் காட்டில் தீ வைப்பது 1882 ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றமே. எனினும், கோடையில் மாட்டுக்குப் புல் இல்லாதவனிடம் சட்டத்தை மட்டும் படித்துக் காட்டிப் பிரயோஜனமில்லை. நம் எல்லைப் புல்லைத் தை மாதத்திலேயே அவர் அறுத்துச் செல்ல அனுமதித்தால் அவர் மாட்டுக்குத் தீனியாயிற்று, நமக்குத் தீத்தடுப்பும் ஆயிற்று. அவரையும் கிராம சபைக்கு அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். மலையின் பாதைகளை நம்மைவிட நன்கறிந்தவர் அவரே.

அன்று அம்மாந்தோப்பில் நான் சொல்லாமல் விட்டதை இன்று இங்குச் சொல்லியாயிற்று. மலையடிவாரத்து மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் வரும் ஜனவரி 26 ஆம் தேதிக்கு முன்பே ஒருமுறை தத்தம் நிலத்தின் மேலெல்லை வரையில் நடந்து சென்று, அங்கே என்ன காய்ந்து கிடக்கிறது என்பதைத் தம் கண்ணால் பார்த்துவிட்டுச் சபைக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.