கேமராவுக்குப் பணம் இருக்கு... கதவைத் திறக்கும் ஊழியருக்கு? அமெரிக்க யூத அமைப்புகளின் முன் நிற்கும் கேள்வி

2022 ஜனவரி 15, சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள காலிவில் நகரம். அங்குள்ள சினகாக்கின், அதாவது யூத வழிபாட்டுக் கூடத்தின், கதவைத் தட்டினார் ஒருவர். குளிருக்கு ஒதுங்க வந்தவர் என்று நினைத்து உள்ளே அழைத்தார் மதகுருவான ரப்பி சார்லி சைட்ரன்-வாக்கர். டீயும் போட்டுக் கொடுத்தார்.

வழிபாட்டின் நடுவே வந்தவர் துப்பாக்கியை எடுத்தார். நான்கு பேர் பிணைக்கைதிகள் ஆனார்கள். மாலையில் ஒருவர் மட்டும் விடுவிக்கப்பட்டார். 10 மணி நேரத்துக்கும் மேல் கடந்த நிலையில், ரப்பி ஒரு நாற்காலியைத் தூக்கி வீச, மீதி மூவரும் கதவு வழியாக ஓடித் தப்பினார்கள். முன்பு எடுத்திருந்த பாதுகாப்புப் பயிற்சிதான் தங்களைக் காப்பாற்றியது என்று அவர் பின்னர் சொன்னார்.

ஒரு சின்ன ஊரின் வழிபாட்டுக் கூடத்துக்கு அந்தப் பயிற்சி எப்படிக் கிடைத்தது? காசு யார் கொடுக்கிறது?

ஒரே வசூல், பல சேவைகள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகரங்களில் யூத அநாதை இல்லம், மருத்துவமனை, புலம்பெயர்ந்தோர் உதவிச் சங்கம் என ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்கொடைக்கு அலைந்தன. ஒரே செல்வந்தரின் வீட்டுக்குப் பத்து பேர் போவார்கள். 1895-ல் பாஸ்டனில் இதற்கு ஒரு வழி பிறந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே வசூல், பிறகு தேவைக்கேற்பப் பங்கீடு. இதுதான் 'ஃபெடரேஷன்' முறை. இன்று வட அமெரிக்காவில் சுமார் 140 ஃபெடரேஷன்கள் இயங்குகின்றன.

முதியோர் பராமரிப்பு, குடும்ப ஆலோசனை, பள்ளிகள், கோடைக்கால முகாம்கள், சமூக மையங்கள் என இந்தப் பணம் பல பக்கம் போகிறது. சமூக மையங்களின் ஜிம், நீச்சல் குளம், மழலையர் பள்ளி ஆகியவற்றில் யூதர் அல்லாதவர்களும் சேரலாம்.

இளைஞர்களுக்கு என்ன இருக்கு?

வட்டியில்லாக் கடன்: நியூயார்க்கில் 1892-ல் தொடங்கிய 'ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி' இன்றும் வட்டி இல்லாமல் கடன் தருகிறது. ஜாமீன் கையெழுத்துதான் அடிப்படை. எந்த மதத்தவரும் விண்ணப்பிக்கலாம்.

ஓராண்டு சேவை: 1998-ல் தொடங்கிய 'அவோடா' திட்டத்தில் சேரும் இளைஞர்கள் ஒரே வீட்டில் தங்கி, வறுமை ஒழிப்பு அமைப்புகளில் ஓராண்டு வேலை பார்க்கிறார்கள்.

வாடகை உதவி: 2006-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தது 'மொய்ஷே ஹவுஸ்'. நண்பர்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, அங்கே மாதந்தோறும் சமூக நிகழ்ச்சிகள் நடத்தினால் வாடகையில் ஒரு பங்கை அமைப்பு கொடுத்துவிடும்.

இப்படி வருகிறவர்களில் சிலர் சமூக அமைப்புகளிலேயே முழுநேர ஊழியர்கள் ஆகிறார்கள்.

பாதுகாப்புக்கு எவ்வளவு?

யூத அமைப்புகளுக்குப் பயிற்சியும் எச்சரிக்கையும் தர 2004-ல் ஒரு தனிப் பாதுகாப்பு வலைப்பின்னல் உருவானது. அரசும் உதவுகிறது. ஆபத்தில் இருக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அமெரிக்க மத்திய அரசு பாதுகாப்பு மானியம் தருகிறது. மசூதி, தேவாலயம், குருத்வாரா, இந்துக் கோயில் என எல்லோருக்கும் இது பொது.

2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் சினகாக்கில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு 6 கோடி டாலராக இருந்த இந்த மானிய நிதி, 2023-ல் 30.5 கோடி டாலர் ஆனது.

சிக்கல் எங்கே?

இந்த மானியம் முதலில் செலவழித்துவிட்டு, பிறகு திரும்பப் பெறும் முறையில் வருகிறது. பெரிய நகரத்துப் பெரிய அமைப்பு சமாளித்துவிடும். ஒரு ரப்பி, ஒரு பகுதிநேர அலுவலர் மட்டுமே உள்ள இடம் என்ன பண்ணும்? விண்ணப்பம் எழுதவே அங்கே ஆள் இருக்காது.

அடுத்தது, பணம் எதற்கு என்பது. கேமரா, உறுதியான கதவு, காவலர் ஒப்பந்தம், பயிற்சி ஆகியவற்றுக்கு மானியம் உண்டு. ஆசிரியர், ஆலோசகர், வரவேற்பாளர் ஆகியோரின் வழக்கமான சம்பளத்துக்கு இல்லை. அதை நன்கொடையில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புச் செலவு கூடக் கூட, அதே நன்கொடையில் மற்றவற்றுக்கான பங்கு குறையத்தான் செய்யும்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் ஓய்வு பெற்றால் அடுத்து யார் என்ற கவலை ஏற்கெனவே உண்டு. 2014-ல் 'லீடிங் எட்ஜ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டதே அதற்காகத்தான். யூத அமைப்புகளில் வேலை செய்பவர்களின் மனநிலை, நிர்வாகம், சம்பளம் பற்றி 2016 முதல் அது கருத்துக் கணிப்பு நடத்திவருகிறது. நல்ல நோக்கத்துக்காக உழைக்கிறோம் என்ற திருப்தியைக் காட்டி ஊழியரை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

என்ன செய்யலாம்?

ஃபெடரேஷன்கள் மூன்று விஷயங்களைச் செய்ய வேண்டும். ஒன்று, மானியம் வந்து சேரும் வரை சின்ன அமைப்புகளுக்கு வட்டியில்லாமல் முன்பணம் தர வேண்டும். 130 ஆண்டுகளாகத் தனிமனிதர்களுக்குக் கடன் கொடுத்த அனுபவம் இந்தச் சமூகத்திடம் இருக்கிறது. இரண்டு, வரவேற்பாளர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோருக்கும் வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு பாதுகாப்புப் பயிற்சி கிடைக்க வேண்டும். மூன்று, சம்பளம், விடுப்பு, மனநல உதவி ஆகியவற்றை வசூல் இலக்கிலேயே தனித் தலைப்பாகச் சேர்க்க வேண்டும்.

காலிவில் கூடத்தில் அன்று கதவைத் திறந்தவரும், நாற்காலியை வீசியவரும் ஒரே ஊழியர். வருகிறவரை வரவேற்பதா, சந்தேகிப்பதா என்று ஒவ்வொரு வாரமும் முடிவெடுக்க வேண்டியவர் அவர். கேமரா அந்த முடிவை எடுக்காது. அவருக்கான செலவை வசூல் முடிந்து மிஞ்சுவதிலிருந்து கொடுக்கலாம் என்று நினைப்பது சரியில்லை.