கல்லீரலோடு நின்றுவிட்ட எச்சரிக்கை

ஐரோப்பிய ஆணையத்தின் 2022/2340 ஒழுங்குமுறை, பச்சைத் தேயிலைச் சாறுகளில் இஜிசிஜி என்ற கேட்டச்சின் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமை எட்டக் கூடாது என்கிறது. அதற்குக் குறைவான அளவுகளும் கண்காணிப்புப் பட்டியலில் உள்ளன. பட்டியலிட்ட நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் முடிவு எடுத்தாக வேண்டும். குருத்தணு ஆய்வாளர்கள் கருத்துச் சொல்லவேண்டிய வேளை இது.

கல்லீரல் பாதிப்பைக் காட்டும் டிரான்சமினேஸ் உயர்வை வைத்து 2018இல் வந்த மதிப்பீடுதான் இந்த வரம்புக்கு அடிப்படை. அதில் நமக்குப் பிணக்கில்லை. ஆனால் அதே ஒழுங்குமுறை, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதை உட்கொள்ளக் கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்கிறது. இதே ஃபிளாவனாய்டு வகையைச் சேர்ந்த குர்செடின், ஜெனிஸ்டீன் மாத்திரைகளுக்கு ஒன்றிய அளவில் அப்படி ஒரு வரிகூடக் கட்டாயமில்லை. ஏன்?

டோபோஐசோமரேஸ் 2 நொதியை இவை மூன்றுமே டிஎன்ஏவில் சிக்கவைக்கின்றன. ஸ்ட்ரிக், ரவுலி குழுவினர் 2000இலேயே காட்டிவிட்டார்கள்: எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து வெட்டும் அதே எம்எல்எல் மரபணு முறிவுப் பகுதியில் ஃபிளாவனாய்டுகளும் வெட்டுகின்றன. கைக்குழந்தை லுகேமியாவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டில் எம்எல்எல் இடமாற்றம் உண்டு. அது கருப்பையிலேயே நிகழ்கிறது என்பதற்கு ஒற்றைக்கரு இரட்டையரே சான்று. டிஎன்ஏ பழுதுநீக்கம் குன்றிய எலிகளில் கருவிலேயே ஃபிளாவனாய்டுகளுக்கு ஆட்பட்டது எம்எல்எல் மறுசீரமைப்பைக் கூட்டியது என 2011இல் வெளியானது. மனிதரில் காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை. வெங்காயத்தையும் தேநீரையும் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. 500 மில்லிகிராம் மாத்திரையின் கதை வேறு.

கருவின் கல்லீரலில் பெருகிக்கொண்டிருக்கும் ரத்தக் குருத்தணுவுக்கு என்ன நேர்கிறது என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை. தாயின் ரத்தத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி உயர்ந்தால் கோப்பு நகர்கிறது. குழந்தையின் எலும்பு மஜ்ஜைக்கு அவர்களின் படிவத்தில் கட்டமே இல்லை. யாரும் ஆய்வுக்குப் பணம் தராத இடத்தில் தரவு இருக்காது. அந்த வெறுமையையே பாதுகாப்புக்குச் சான்றாக ஏற்பது அநீதி. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது நீடிப்பதை இனியும் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனமில்லை.

நம் தரப்பிலும் சீர்செய்ய வேண்டியது உண்டு. மெசன்கைமல் செல்களில் 50 மைக்ரோமோலார் குர்செடின் அக்ளைகோனை ஊற்றி, எலும்பாக்கம் கூடியது என்று எழுதும் கட்டுரைகள் குவிகின்றன. பிளாஸ்மாவில் குர்செடின் பெரும்பாலும் குளூக்யூரோனைடாகவும் சல்பேட்டாகவும் மைக்ரோமோலாருக்கு அருகிலோ கீழோதான் உலவுகிறது. இஜிசிஜிதான் பெருமளவு தனி வடிவில் நிற்கிறது. போதாக்குறைக்கு, வளர்ப்பு ஊடகத்திலேயே இவை ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்குகின்றன. கேட்டலேஸ் கட்டுப்பாடும் இணைவுப் பொருட்களின் சோதனையும் இல்லாத கையெழுத்துப் படிகளை இனி இந்த இதழ் மதிப்பாய்வுக்கு அனுப்பாது.

ஆணையத்திடம் நாம் கேட்பது இரண்டு. முடிவெடுக்கும் முன், தொப்புள்கொடி ரத்தத்தின் சிடி34 செல்களில் எம்எல்எல் முறிவுச் சோதனையைப் பாதுகாப்புத் தரவில் சேர்க்க வேண்டும். அதுவரை, செறிவூட்டிய குர்செடின், ஜெனிஸ்டீன் மாத்திரைகளின் லேபிளிலும் கர்ப்பிணிகளுக்கான அந்த எச்சரிக்கையை அச்சிடச் செய்ய வேண்டும்.